ஃபெராரி முகம், டிராக்டர் நெஞ்சு: மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் 2000

போன ஆடி மாதம் மூன்றாவது சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். குச்சனூரில் ஆடிச் சனி என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னமனூரிலிருந்தே வண்டிகள் ஊர்ந்துதான் வரும். சுரபி நதியில் குளித்து எழுந்த கூட்டம் ஒரு பக்கம், எள்ளுப் பொட்டலம் விற்கிறவர்கள் ஒரு பக்கம். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு புத்தம் புது சொகுசு கார் நின்றிருந்தது. சமீபத்தில் முகத்தை மாற்றி விட்ட மாடல். அதைச் சுற்றி நாலைந்து கல்லூரிப் பையன்கள்.

"முன்னாடி மாடல்தான்டா அழகு. இது என்னமோ பல்லு எடுப்பா இருக்கு."

"ஏப்பா, இதுதான் ஸ்போர்ட்டி லுக்கு. பழசு பெருசுக ஓட்டுற வண்டி."

"லுக்கு ஸ்போர்ட்டியா இருந்து என்னா பண்ண? இன்ஜின் அதே பழைய இன்ஜின்தான?"

சனீஸ்வரனுக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு. மெதுவாக நடப்பவன் என்று அர்த்தம். மந்தன் வாசலில் நின்றுகொண்டு வேகத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்களே என்று சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மூன்றாவது பையன் கேட்ட கேள்வியை நான் இதே ஊரில், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்போது பேச்சு இரண்டு வண்டிகளைப் பற்றி. ஒன்று கான்டெஸ்ஸா. இன்னொன்று ஸ்டாண்டர்ட் 2000.

இந்த ஸ்டாண்டர்ட் 2000 பற்றி இன்றைக்கு நாற்பதுக்குக் கீழே இருப்பவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். தமிழ்நாட்டில், தாம்பரம் தாண்டி பெருங்களத்தூரில், 1985-ல் பிறந்த சொகுசு கார். 1988-க்குள் கதை முடிந்துவிட்டது. அதோடு அதைச் செய்த தொழிற்சாலையும் முடிந்தது. அது ஏன் தோற்றது என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "டிராக்டர் இன்ஜினைத் தூக்கி கார்ல வெச்சான், அதான்." நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகு, அந்தக் காரணம் பாதிதான் சரி என்று படுகிறது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். 1976-ல் இங்கிலாந்தில் ரோவர் 3500 என்று ஒரு கார் வந்தது. கம்பெனிக்குள் அதன் பெயர் எஸ்.டி.1. வடிவமைத்தவர் டேவிட் பேச். ஃபெராரி டேடோனாவைப் பார்த்து மயங்கிய மனிதர். அதன் கூர்மையான தாழ்ந்த மூக்கையும் பக்கவாட்டில் ஓடும் பள்ளக்கோட்டையும் ஐந்து பேர் போகும் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தார். பார்க்கச் செடான் போல இருக்கும், ஆனால் பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும். உள்ளே 3.5 லிட்டர் வி-8 இன்ஜின், 155 குதிரைத்திறன், மணிக்கு 200 கிலோமீட்டர் போகும். 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது இதற்குத்தான் கிடைத்தது. போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையில் திருடனைத் துரத்த இதை வைத்திருந்தார்கள். பந்தயத்திலும் சோடை போகவில்லை. 1984-ல் ஆண்டி ரவுஸ் இதன் விட்டெஸ் மாடலை ஓட்டித்தான் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை வென்றார். 1986-ல் ஜெர்மன் பட்டம் கர்ட் தீமுக்கு, அதே விட்டெஸில்.

இப்பேர்ப்பட்ட வண்டி பெருங்களத்தூருக்கு எப்படி வந்தது? சம்பந்தி முறையில்தான். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் மெட்ராஸில் ஆரம்பித்த கம்பெனி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியும் இங்கிருந்த யூனியன் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. 1961-ல் இங்கிலாந்தில் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்டை வாங்கியது. (எண்ணூர் அசோக் லேலண்டில் இருக்கும் அதே லேலண்ட்.) 1967-ல் ரோவரும் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தது. தாய்வீட்டில் 1963-லேயே ஸ்டாண்டர்ட் என்ற பெயரைக் கைவிட்டுவிட்டார்கள். மெட்ராஸில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.

இந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டு அழகிகளை நம்மூர் மருமகளாக மாற்றிப் பழக்கம் உண்டு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961-ல் வந்தது. இத்தாலியர் மிகெலோட்டி வரைந்த உடம்பு, இரண்டே கதவு. பார்க்க ஒயில். ஆனால் புடவை கட்டிய பாட்டி முன்சீட்டை மடக்கிவிட்டுப் பின்னால் ஏறி இறங்க முடியுமா? அறுபதுகளின் பிற்பகுதியில் மெட்ராஸ்காரர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் கிடையாத நான்கு கதவு ஹெரால்டு இதுதான். அழகு கொஞ்சம் குறைந்தது, குடும்பம் உள்ளே ஏறியது. 1972-ல் அதையே இன்னும் திருத்தி கெஸல் என்று விட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் கார் நின்றுபோய், கம்பெனி வேன் மட்டும் செய்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் 1985. மாருதி 800 வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பல வருடம் அம்பாசடரையும் ஃபியட்டையும் பார்த்துப் பார்த்துச் சலித்த ஜனங்கள் 'புதுசு' என்று எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்த்த நேரம். அந்த வேளையில் மூன்று கம்பெனிகளும் ஒரே வேலையைச் செய்தன. ஐரோப்பாவில் பழசான உடம்பை வாங்கி, கிடைத்த இன்ஜினைப் போடு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் எழுபதுகளின் வாக்ஸால் உடம்பை எடுத்து, அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினைப் போட்டு கான்டெஸ்ஸா என்றது. ப்ரீமியர், ஃபியட் 124-ன் உடம்பில் நிஸ்ஸான் இன்ஜினை வைத்து 118 என்.இ. என்றது. ஸ்டாண்டர்டுக்கு ரோவர் உடம்பு. என் தொழிலில் இது தினசரி நடக்கிற காரியம்: முப்பது வருடப் பழைய கோபால் நிரலை அப்படியே வைத்துவிட்டு, மேலே பளபளவென்று ஒரு முகப்புத் திரையை ஒட்டி, புது வெளியீடு என்று கேக் வெட்டுவது.

ரோவரின் வி-8 இந்தியாவுக்கு வரவில்லை. அதற்குப் பதில் உள்ளே போனது 1991 சி.சி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 83 குதிரைத்திறன். இதன் பூர்வீகத்தைத்தான் கவனிக்க வேண்டும். 1947-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் வான்கார்டு என்ற காருக்காகச் செய்த இன்ஜின் குடும்பம் இது. முழுக்க வார்ப்பிரும்பு. சிலிண்டர் தேய்ந்துபோனால் லைனரை மட்டும் உருவி எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதே குடும்பத்து இன்ஜின்தான் ஹாரி ஃபெர்குசனின் சிறிய சாம்பல் நிற டிராக்டருக்கும் போனது. நம் வயல்களில் ஓடும் மாஸி பெர்குசனின் பெயரில் பாதி அவருடையது. 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட டிராக்டர் அது. ஆக, "டிராக்டர் இன்ஜின்" என்று டீக்கடையில் சொன்னது பொய்யில்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1953-ல் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டு சீட்டு, திறந்த கூரை. பந்தயத்தில் இரண்டு லிட்டர் பிரிவுக்குள் வர வேண்டும் என்பதற்காக வான்கார்டு இன்ஜினின் சிலிண்டர் விட்டத்தை 85 மில்லிமீட்டரிலிருந்து 83-ஆகக் குறைத்தார்கள். பிஸ்டன் ஓட்டம் 92 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 1991 சி.சி. வரும். அந்த வருடம் மே மாதம் பெல்ஜியத்தின் ஜாபெக் சாலையில் கொஞ்சம் மாற்றங்கள் செய்த டி.ஆர்.2 மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது. மோர்கன் கம்பெனியும் இதே இன்ஜினை வாங்கித் தன் ஸ்போர்ட்ஸ் காரில் போட்டது. அதாவது, ஏர் உழுததும் பந்தயத்தில் ஓடியதும் ஒரே வம்சம். டிராக்டர் என்று கேலி செய்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கம்பெனியே விளம்பரத்தில் போட்டிருக்கலாம்!

அப்படியானால் இன்ஜின் ஸ்போர்ட்டியா, டிராக்டரா? இரண்டும் இல்லை. அது எந்த எடையை இழுக்கிறது என்பதுதான் விஷயம். டி.ஆர்.2-ல் 90 குதிரைத்திறன், எடை சுமார் 950 கிலோ. ஒரு டன்னுக்கு 95 குதிரைகள். வி-8 ரோவர் சுமார் 1350 கிலோ. டன்னுக்கு 115. ஸ்டாண்டர்ட் 2000-க்கும் அதே 1350 கிலோவை வைத்துக்கொண்டால் டன்னுக்கு 61 வருகிறது. பிரிட்டிஷ் வண்டியின் சக்தியில் பாதிதான். சரி, கான்டெஸ்ஸாவுக்குப் போடுவோம். ஆரம்பகால 1.5 லிட்டர் மாடலுக்கு 50 குதிரைத்திறன். எடையை 1200 கிலோ என்று வைத்தால் 42.

இந்த எண்ணைப் பார்த்ததும் நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் "கான்டெஸ்ஸா பறக்கும், ஸ்டாண்டர்டு நகராது" என்று அடித்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்! என் மாமாவே கான்டெஸ்ஸா கட்சி. கணக்குப்படி 1985-ல் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி விட்டிருந்தால் ஸ்டாண்டர்டுதான் முந்தியிருக்க வேண்டும்.

பிறகு ஏன் அதற்கு மட்டும் மந்தன் என்று பெயர்? என் முடிவு இது. கான்டெஸ்ஸாவின் முகம் பெட்டி போல நேர்மையான முகம். பெரிய வண்டி என்று சொல்லும், வேறு வாக்குறுதி தராது. ஸ்டாண்டர்ட் 2000-ன் முகம் "நான் ஃபெராரிக்குச் சொந்தக்காரன்" என்று சொல்லிவிட்டது. சொல்லிவிட்டுப் பாதி பலத்தில் ஓடினால் யார் மன்னிப்பார்கள்? போதாததற்கு, நம் ரோட்டுப் பள்ளங்களுக்காக வண்டியின் உயரத்தையும் ஏற்றிவிட்டார்கள். தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் டேடோனா வடிவத்தின் உயிரே தரையோடு ஒட்டிப் பதுங்கி நிற்பதில் இருக்கிறது. அதைத் தூக்கி நிறுத்தினால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவர் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று எனக்கு அந்தக் காலத்தில் புரியவில்லை. யார் ஓட்டுவதற்கு இந்தக் கார்? டேவிட் பேச்சின் வேலை முழுக்க ஸ்டீயரிங் பிடிப்பவருக்காக. மீட்டர்கள் எல்லாம் ஒரு தனிப் பெட்டியில், இடதுபக்கமும் வலதுபக்கமும் மாற்றி வைக்கிற மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் வாங்கியவர் தானே ஓட்டினார். கம்பம் பள்ளத்தாக்கில் அன்றைக்கு இவ்வளவு பெரிய கார் வாங்க முடிந்தவர்கள் போடி, கம்பம் பக்கத்து ஏலக்காய் வியாபாரிகள், எஸ்டேட்காரர்கள். அவர்கள் பின்சீட்டில் உட்காருகிறவர்கள். கோயில் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த வெளியூர் டிரைவர் ஒருத்தர், எங்களை மாதிரிச் சிறுவர்கள் மொய்த்துக்கொண்டு கேள்வி கேட்டபோது சொன்னாப்ல: "மொதலாளிக்கு மெத்த நல்லா இருக்கணும், காலு நீட்டணும். வெரட்டி ஓட்டுற சொகமெல்லாம் எனக்குத்தான்டா தம்பி." ஸ்போர்ட்டியான காரின் முழு சுகமும் மாதச் சம்பள டிரைவருக்கு. காசு கொடுத்தவருக்குப் பின்சீட்டில் தலைக்கு மேலே சரிந்து இறங்கும் கூரை. ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தபோது யார் ஏறப் போகிறார்கள் என்று பார்த்தவர்கள், இந்தத் தடவை அதைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கான்டெஸ்ஸாவுக்கு விதி வேறு. கொஞ்ச வருடத்தில் அதற்கு இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. 88 குதிரைத்திறன். அதற்குப் பிறகுதான் அது நிஜமாகவே பறந்தது. இந்தக் காலத்தில் 'இந்தியாவின் மஸில் கார்' என்று தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே, அது அந்த இன்ஜினுக்குக் கிடைத்த பெயர். 2002 வரை ஓடியது. நம் நினைவு பின்னால் வந்த வேகத்தை முன்னால் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. மாமாவும் அதைத்தான் செய்திருக்கிறார். போனில் கணக்கைச் சொன்னேன். "நீ கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கு மேட்டுல ஏறுமாடா?" என்று வைத்துவிட்டார்.

ஸ்டாண்டர்டுக்கு அப்படி ஒரு இரண்டாவது இன்ஜின் வரவில்லை. வாங்க ஆளில்லை, 1988-ல் பெருங்களத்தூர் ஆலை மூடியது. நாற்பது வருடம் மெட்ராஸில் கார் செய்த கைகள் வீட்டுக்குப் போயின. ஆட்டோமொபைல் நகரம் என்று இன்றைக்குச் சென்னையைச் சொல்லும்போது கதையை 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே போனால், செங்கல்பட்டுக்கு முன்னால், 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ கார்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அங்கே முதலில் வந்தவற்றில் அன்றைய 5 சீரிஸும் உண்டு. கண்புருவம் தூக்கிய மாதிரி விளக்கு வைத்து உலகம் முழுக்க ரசிகர்களிடம் திட்டு வாங்கிய முகம் அதற்கு. ஆனால் திட்டியவர்கள் யாரும் அதன் இன்ஜினைக் குறை சொல்லவில்லை.

பெருங்களத்தூரில் மிஞ்சியிருந்த ஸ்டாண்டர்ட் 2000 உதிரிபாகங்கள் ஆலை மூடிப் பல வருடம் கிடந்தன. கடைசியில் அவற்றை வாங்கியது இங்கிலாந்தில் பழைய கார்களுக்குப் பாகம் விற்கும் ஒரு கம்பெனி. பழைய ரோவரைப் பொக்கிஷம் போல வைத்திருக்கும் ஆட்கள் அங்கே நிறைய. இங்கிலாந்து மழையில் துருப்பிடித்த கதவுக்கும் ஃபெண்டருக்கும் மாற்று இப்படித்தான் மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போனது. இன்ஜினைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. அவர்களிடம் வி-8 இருக்கிறது.