ஓருறையில் இரு வாள்

ஓருறையில் இரு வாள் அடங்கா என்பது மூத்தோர் வாக்கு. ஆயின், ஒரே கணினிக்குள் காரியாலயப் பணிக்கென ஒரு பணிசெயல் முறைமையும், சொந்த அலுவலுக்கென வேறொரு பணிசெயல் முறைமையும் அடங்கியிருத்தல் இன்று பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். நிறுவனத்தின் கணக்கேடுகள் ஒருபால். குடும்பத்தின் கடிதங்களும் நிழற்படங்களும் மற்றொருபால். ஒன்றையொன்று தீண்டாவண்ணம் இவை காக்கப்படல் வேண்டும். இத்தேவை எவ்வழிகளில் நிறைவேறிற்று என ஆராயப் புகின், அறுபதாண்டு வரலாறொன்று புலனாகின்றது.

1960களில் கணினி என்பது ஓர் அறையையே நிறைத்து நின்ற பெரும் பொறி. அதன் விலையோ மிகப் பெரிது. ஆகவே, பலர் அதனைப் பகிர்ந்து பயன்படுத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் நடத்திய அறிவியல் நிலையத்திலே, றொபேட் கிறீசி என்பாரின் தலைமையில் அமைந்த குழுவினர் புதியதொரு வழியைக் கண்டனர். பொறியைப் பலருக்குப் பங்கிடுவதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பொறியே கிடைத்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குதலே அவ்வழி. சீ.பி.-40 எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பு 1967 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே பொறியில் 14 மெய்நிகர்ப் பொறிகள் இயங்கின. ஒரு பொறியில் நேர்ந்த பிழை அடுத்த பொறியைத் தாக்கவில்லை. 1972இல் இம்முறை வீ.எம்./370 என்னும் பெயரில் வணிகச் சந்தையையும் அடைந்தது.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டபோது, இப்பெரும்பொறி மரபு அதனுள் இடம்பெறவில்லை. எனினும், 1983இல் வன்தட்டுடன் வந்த அடுத்த கணினியிலே வேறொரு வாயில் திறந்தது. வன்தட்டின் முதற் பகுதியாகிய 512 பைற்றுக்குள் ஒரு சிறு அட்டவணை பொறிக்கப்பட்டது. தட்டினை நான்கு கூறாக்கி, வெவ்வேறு முறைமைகளை அவற்றில் குடியமர்த்த அவ்வட்டவணை இடமளித்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் முறைமையின் கருவை வெளியிட்ட பின்னர், கணினி தொடங்கும்போதே எம்முறைமை வேண்டும் எனக் கேட்கும் லிலோ, கிரப் முதலிய சிறு மென்பொருள்கள் பரவின. பகலில் காரியாலய முறைமையையும் இரவில் சொந்த முறைமையையும் எழுப்புதல் எளிதாயிற்று.

ஆயினும், இப்பிரிவு காலத்தாற் செய்த பிரிவேயன்றிச் சுவரால் ஆகிய பிரிவன்று. ஒன்று விழித்திருக்க மற்றொன்று உறங்குகின்றது. உறங்குகின்றவனுடைய பெட்டகத்தை விழித்திருப்பவன் திறந்து பார்க்கலாம். சொந்த முறைமையிற் புகுந்த தீநிரல், அடுத்த கூற்றிலுள்ள காரியாலயக் கோப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் கூடும். தட்டின் ஒவ்வொரு கூற்றையும் மறைகுறியாக்கிப் பூட்டினாலன்றிக் களவாகப் படித்தலைத் தடுத்தல் இயலாது; பூட்டிய கூற்றையும் அழித்துவிடல் இயலும்.

பழைய கேம்பிரிட்ஜ் முறையைச் சிறு கணினிக்குக் கொணர்தற்கு இடையூறொன்று இருந்தது. பொறியின் நிலையை மாற்றும் கட்டளை எதுவாயினும், விருந்து முறைமை அதனை இடும்போது மேற்பார்வை மென்பொருளிடம் அகப்பட வேண்டும் என்பதைப் பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர் 1974இலேயே வரையறுத்திருந்தனர். இன்ரெல் குடும்பத்துச் செயலிகளிலோ சில கட்டளைகள் அகப்படாது நழுவின. ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வினின்று கிளைத்த வீ.எம்.வெயர் நிறுவனம், அக்கட்டளைகளை ஓட்டத்திலேயே மாற்றியெழுதும் உபாயத்தால் 1999இல் இத்தடையைக் கடந்தது. 2005இலும் 2006இலும் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் செயலியிலேயே இதற்கு வசதி செய்தன. அதன்பின், இரு முறைமைகள் ஒரே திரையில் ஒருங்கே விழித்திருப்பது பொதுவழக்காயிற்று.

இங்கும் நுட்பமான வினா ஒன்றுண்டு. வீட்டுக்காரன் யார்? விருந்தினன் யார்? விருந்து முறைமை தன் அறையை மட்டுமே காணும். வீட்டு முறைமையோ எல்லா அறைகளையும் காணும். காரியாலய முறைமை வீடாகவும் சொந்த முறைமை விருந்தாகவும் அமையுமாயின், தொழிலாளியின் தனிவாழ்வு முதலாளியின் கண்பார்வைக்குள்ளேயே கிடக்கும். சுவரிலும் விரிசல் உண்டாதல் கூடும். 2015இல் வெளிப்பட்ட வெனொம் என்னும் வழு, எவரும் கையாளாத பழைய நெகிழ்தட்டு இயக்கியைப் போலச்செய்த நிரலொன்றில் ஒளிந்திருந்தது. அதன்வழி விருந்தினன் அறையை விட்டு வெளியேற வாய்ப்பிருந்தது.

இவ்வச்சத்தை உணர்ந்தே, போலந்து நாட்டு ஆய்வாளர் யொவன்னா ருட்கொவ்ஸ்கா, 2012இல் கியூப்ஸ் முறைமையின் முதற் பதிப்பை வெளியிட்டார். மேற்பார்வை மென்பொருளை இயன்றவரை சிறிதாக்கி, பணி, சொந்தம், வங்கி என ஒவ்வொன்றையும் தனியறையாக்கி, சாளர ஓரங்களுக்கு வெவ்வேறு நிறந்தீட்டிய அமைப்பு அது. அதற்கு அடித்தளமான சென் மென்பொருளோ, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பிறந்தது.

இரு கேம்பிரிட்ஜ்களுக்கு இடையே விரிந்த இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. ஓருறையில் இரு வாள்கள் அடங்கும். ஆனால், உறையின் நடுவே தடுப்பு வேண்டும். அத்தடுப்பின் திறவுகோல் எவர் கையில் இருக்கின்றதோ, அவரே இரு வாள்களுக்கும் உடையவராவர்.