மறதி நோயும் பல்லிலக்கு மருந்துகளும்: ஒரு வரலாற்று நோக்கு

“மூத்தம்மாவுக்கு வயது போய்விட்டது” என்று கூறி அவரது மறதியை ஏற்றுக்கொள்வது நற்பிட்டிமுனை முதலான கல்முனைக் கரையோர ஊர்களில் இயல்பு. அம்மறதி மூளையைப் பற்றிய நோயாகவும் இருத்தல் கூடும். இலங்கையின் அரைநகர்ப்புறப் பகுதியொன்றில் 65 வயதை அடைந்தோருள் ஏறத்தாழ 4 வீதத்தினர் முதுமறதி நோயுற்றிருந்தனரென 2003இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவருட் பெரும்பாலார்க்கு இருந்தது அல்சைமர் நோயே.

1906ஆம் ஆண்டு ஜேர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், 55 வயதில் இறந்த பெண்ணொருத்தியின் மூளையில், நரம்புக்கலங்களுக்கு வெளியே புரதப் படிவுகளையும் உள்ளே நார்ச்சிக்கல்களையும் கண்டார். முதல் அறிக்கையிலேயே இந்நோய் இரு முகங்காட்டியது எனலாம். 1970களின் நடுப்பகுதியில் மூன்றாவது முகமொன்று புலப்பட்டது: நினைவுக்குத் துணையாகும் அசற்றைல்கோலினை ஆக்கும் நொதியம் நோயாளரின் மூளையிற் குன்றியிருந்தது. எனவே எஞ்சிய அசற்றைல்கோலின் சிதையாது காக்கும் மருந்துகள் தோன்றின. 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தக்கிரின் ஈரலைத் தாக்கியமையால் வழக்கொழிந்தது. 1996இல் வந்த டொனெப்பெசில் இன்றும் வழங்குகின்றது. இவை நோய்க்குறிகளை ஓரளவு தணித்தனவேயன்றி, நரம்புக்கலங்களின் அழிவை நிறுத்தவில்லை.

இந்நிலையில், ஒரே மூலக்கூறு பல இலக்குகளைத் தாக்கவேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. 2008இல் இத்தாலியின் பொலோனியாப் பல்கலைக்கழக வேதியியலாளர் இதனை விரித்துரைத்தனர். பல மருந்துகளைத் தனித்தனியே கொடுத்தாலென்ன என வினவலாம். முதியோர் பலர் நீரிழிவுக்கும் குருதியழுத்தத்துக்கும் ஏற்கெனவே மருந்துண்பவர். மாத்திரைகள் பெருகுந்தோறும் அவை ஒன்றோடொன்று முரணும் இடரும் பெருகும். ஆயின் இணைத்தாக்கிய மூலக்கூறு பருத்துவிடின் குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைக் கடத்தல் அரிது. இலக்குகள் யாவற்றுக்கும் ஒரே அளவு மருந்து பொருந்துதலும் எளிதன்று.

இசுரேலில் இரு மருந்துகளின் கூறுகளை இணைத்து ஆக்கப்பட்ட லடொஸ்ரிகில் இதற்குச் சான்றாகும். விலங்குகளிடத்து நம்பிக்கையூட்டிய அம்மருந்து, மெல்லிய நினைவுக் குறைபாடுடையோர்க்குக் குறைந்த அளவில் மூன்றாண்டு கொடுக்கப்பட்டது. நோய் முற்றுதலை அது தெளிவுறத் தாமதப்படுத்தவில்லை என்னும் முடிவு 2019இல் வெளியாயிற்று. மறுபுறம், அமிலோயிட்டுப் படிவு என்னும் ஓரிலக்கை நோக்கிய லெக்கனெமாப் 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. அதுவும் நோயைச் சற்றே மந்தமாக்குவதன்றி நிறுத்துவதில்லை.

இவ்வரலாறு நம் மூலிகைகளுக்கும் பொருந்தும். மஞ்சளின் குர்க்குமின் ஆய்வுகூடத்திற் பல இலக்குகளைத் தொட்டது. 2012இல் வெளியான சோதனையில் நோயாளர்க்குப் பயன் காட்டவில்லை. தொட்ட இலக்குகளின் தொகையைக் கொண்டு மருந்தை மதிப்பிடலாகாது. நோயாளர் தம் நினைவோடு வாழும் நாள்கள் கூடினவா என்பதே உரைகல்.