வுட்ஸ் ஹோலில் மறைந்த பட்டை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள சிற்றூர் வுட்ஸ் ஹோல். அங்கே 1888இல் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகத்தில் கோடைதோறும் விஞ்ஞானிகள் கூடுவார்கள். கடல் முள்ளெலி, மட்டி இவற்றின் முட்டைகளைக் கருவுறச் செய்து கவனிப்பார்கள். மூலக்கூறு உயிரியல் தலையெடுத்த பிறகு இது தாத்தா காலத்து வேலையாகத் தெரிந்தது. ஆனால் செல் பிரிவதற்குப் புரதத்தை உண்டாக்கினால் போதாது, உரிய நேரத்தில் அழிக்கவும் வேண்டும் என்ற உண்மை அந்தப் பழைய வழக்கத்தால்தான் கண்ணில் பட்டது என்பேன். ஒரே நேரத்தில் கருவுற்ற முட்டைகள் ஒரே தாளத்தில் பிரியும். 1982இல் அங்கே வந்திருந்த விஞ்ஞானி டிம் ஹன்ட் அவற்றோடு கதிரியக்க மெத்தியோனைனைச் சேர்த்து, புதிதாக உருவாகும் புரதங்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தார். ஜெல்லில் ஒவ்வொரு புரதமும் ஒரு பட்டையாகத் தெரியும். மற்றப் பட்டைகள் கறுத்துக்கொண்டே போயின. ஒன்று மட்டும் தடித்து, முட்டை பிரியச் சற்று முன் மறைந்து, அடுத்த சுற்றில் திரும்பி வந்தது. ஆளுக்கொரு நேரத்தில் பிரியும் செல்களின் கூட்டத்தில் இந்த ஏற்ற இறக்கம் சராசரிக்குள் புதைந்துபோயிருக்கும். மறைந்து திரும்பிய அந்தப் பட்டையின் புரதம்தான் சைக்ளின்.

பிரிதலின் பக்கவிளைவாக அது மறைந்திருக்கலாமே என்று கேட்கலாம். 1989இல் ஆண்ட்ரூ மர்ரேயும் மார்க் கிர்ஷ்னரும் சிதையாத சைக்ளினைத் தவளை முட்டைச் சாற்றில் சேர்த்தார்கள். செல் பிரியும் சுழற்சி நடுவிலேயே நின்றுவிட்டது. ஆக்கிய புரதத்தை ஒவ்வொரு முறையும் அழிப்பது ஊதாரித்தனம் அல்லவா? செலவுதான். ஆனால் புரதத்தை இயக்கவோ நிறுத்தவோ ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடலாம், சிதைந்த புரதம் திரும்பாது; சுழற்சி பின்னோக்கி ஓடாமலிருக்கச் செல் கொடுக்கும் விலை அது. இதைவிடக் கடுமையான மறுப்பு 1993இல் வந்தது: சைக்ளின் சிதையாவிட்டாலும் குரோமோசோம்கள் விலகிவிடுகின்றன. ஆனால் அவற்றை விலகவிடாமல் தடுப்பது செக்யூரின் என்ற வேறொரு புரதம், அதுவும் சிதைந்தால்தான் விலகல் என்று பிறகு தெரிந்தது.

ஈஸ்ட் மரபியலே இதையெல்லாம் கண்டுபிடித்திருக்காதா? பாதி கண்டுபிடித்திருந்தது. பிரிய முடியாமல் நின்ற ஈஸ்ட் வகைகளை லேலண்ட் ஹார்ட்வெல் 1970களில் தொகுத்த பட்டியலில் சிடிசி16, சிடிசி23 என்ற இரண்டு மரபணுக்கள் இருந்தன. அவற்றின் வேலை என்னவென்று அப்போது தெரியவில்லை. 1995இல், மட்டி முட்டையிலிருந்து அவ்ரம் ஹெர்ஷ்கோவின் குழுவும் தவளை முட்டையிலிருந்து கிர்ஷ்னரின் குழுவும், சைக்ளின்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி அழிவுக்கு அனுப்பும் பெரிய கூட்டமைப்பைப் பிரித்தெடுத்தன. ஈஸ்ட் பட்டியலின் அந்த இரண்டு மரபணுக்களின் புரதங்களும் அதன் உறுப்புகள்.