பல்லை நகர்த்திய கதை

எங்கள் சங்கரன்கோவிலில் இப்போது கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால் பல் பேச்சும் கூடவே வருகிறது. முன்பெல்லாம் தெத்துப்பல் இருந்தால் "அதிர்ஷ்டக்காரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இந்த வருஷம் ஆடித்தபசு முடிந்த வாரம், பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் பேத்தி போன் போட்டாள். "சின்னத் தாத்தா, தை மாசம் கல்யாணம். கம்பி கட்டினா போட்டோவில தெரியும். கண்ணாடி மாதிரி ஒரு உறை இருக்குல்லா, அலைனர், அதைப் போட்டுக்கிடவா?"

நான் பல் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், அந்த உறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அவள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே கிடைத்தது.

பல்லை நேராக்கும் ஆசை இரண்டாயிரம் வருஷப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர், பால்பல் விழுவதற்கு முன்பே புதுப்பல் முளைத்தால் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப்பல்லைத் தினமும் விரலால் இடத்துக்குத் தள்ளச் சொன்னார். "நாக்கால துழாவாதே, எத்துப்பல் வரும்" என்று நம் ஆச்சிமார் அதட்டியதும் ஏறக்குறைய இதே ஞானம்தான். 1728-இல் பாரிஸில் பியர் ஃபோஷார், குதிரை லாட வடிவத்தில் ஓர் உலோகப் பட்டையைப் பற்களோடு நூலால் கட்டினார். 1899-இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடிக்கும் முறையை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் டாக்டர்கள் குறிப்பில் எழுதுவது அந்த மூன்று வகைதான். முதலில் கடிப்பைப் பார், வரிசையைப் பிறகு பார் என்பது அவர் போட்ட பாதை.

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920-இல் கல்கத்தாவில் வந்தது. சென்னையில் வந்தது 1953-இல். எங்கள் தலைமுறைக்குப் பல் டாக்டர் என்றால் பிடுங்குகிறவர், அவ்வளவுதான். கம்பி கட்டிய வாயை எங்கள் ஊரில் சின்ன வயதில் நான் பார்த்ததாக ஞாபகமில்லை.

அமெரிக்காவில் ஹெரால்ட் கெஸ்லிங் என்ற டாக்டர் 1945-இல் ஒரு வேலை செய்தார். நோயாளியின் வாயை அச்செடுத்து, அதில் பற்களைத் தனித்தனியே அறுத்து, சரியான இடத்தில் மெழுகு வைத்து ஒட்டி, அந்தத் திருத்திய வாய்க்கு ரப்பரில் ஓர் உறை செய்தார். உறையைக் கடிக்கக் கடிக்கப் பல் அந்த இடத்துக்குப் போகும். கம்பி வைத்தியம் முடிந்தபின் மிச்சமிருக்கும் சின்னக் கோணலுக்குத்தான் அதைப் பயன்படுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரிசையாகப் பல உறைகள் செய்தால் பெரிய கோணலையும் திருத்தலாம் என்றும், ஆனால் இப்போதைக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றும் எழுதிவைத்தார். ஒவ்வொரு படிக்கும் கையால் அறுத்து ஒட்ட யாரால் முடியும்?

அதற்குக் கணினி வரவேண்டியிருந்தது. ஜியா சிஷ்டி என்ற இளைஞர், பாகிஸ்தானில் வளர்ந்தவர், பெரியவரான பிறகு பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டார். கம்பியைக் கழற்றியதும் பல் திரும்பாமலிருக்க ரிடெய்னர் கொடுத்தார்கள். அதைப் போடாமல் விட்டால் பல் நகர்வதையும், திரும்பப் போட்டால் பழைய இடத்துக்கு வருவதையும் கவனித்தார். 1997-இல் கெல்சி வர்த் என்பவரோடு சேர்ந்து கலிபோர்னியாவில் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அதுதான் இன்விசலைன். கெஸ்லிங் கையால் அறுத்ததைக் கணினித் திரையில் நகர்த்தினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் அச்சு, அச்சின்மேல் மெல்லிய பிளாஸ்டிக்.

ஓர் உறை பல்லை நகர்த்துவது சுமார் கால் மில்லிமீட்டர். வாரம் ஒன்றோ இரண்டோ ஆனதும் அடுத்த உறை. கம்பியானாலும் உறையானாலும் வேலை செய்வது எலும்புதான். அழுத்தம் விழும் பக்கம் அது கரைகிறது, மறுபக்கம் புதிதாக வளர்கிறது. இதை ஸ்வீடனின் சாண்ட்ஸ்டெட் 1904-இலேயே நாய்களிடம் சோதித்துக் காட்டிவிட்டார். எலும்புக்கு முகூர்த்தத் தேதி தெரியாது. ஆடியிலிருந்து தைக்குள் லேசான நெருக்கடியையோ சின்ன இடைவெளியையோ சரிசெய்யலாம். பல் பிடுங்கி இடம் உண்டாக்கவேண்டிய வாய் என்றால் ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும்.

உருண்டையான கோரைப்பல்லைத் திருப்புவது, உள்ளே ஏறி நிற்கும் பல்லைக் கீழே இழுப்பது, பிடுங்கிய இடத்துக்குப் பல்லை வேரோடு நிமிர்த்தி நகர்த்துவது, இவற்றில் பிளாஸ்டிக் தடுமாறும். கம்பிக்குப் பிடி அதிகம். பிடிமானத்துக்காகப் பல்லில் பல் நிறத்திலேயே சின்ன மேடுகள் ஒட்டுவார்கள், ஆக முழுக்கக் கண்ணுக்குத் தெரியாது என்பதும் விளம்பரப் பேச்சுதான். ஈறு வீங்கி ரத்தம் வருகிறவர்கள் முதலில் அதைக் கவனிக்கவேண்டும். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் உறை வாயில் இருக்கவேண்டும். சாப்பாட்டுக்கும் காபிக்கும் கழற்றவேண்டும். மணிக்கொரு தரம் காபி குடிக்கிற நம் வீடுகளில் இது பெரிய விரதம். கம்பியைக் கழற்றிவைக்க முடியாது என்பது சிலருக்கு நல்லதே. எல்லாம் முடிந்த பிறகும் சிஷ்டி போட்டுக்கொண்ட அதே ரிடெய்னர் உண்டு, அதுவும் வருஷக்கணக்கில்.

2017-இல் இன்விசலைனின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியாகத் தொடங்கின. அதன்பின் ஆளாளுக்கு உறை செய்ய வந்துவிட்டார்கள். விலை குறைந்தது, நல்லதுதான். ஆனால் அதற்கு முன்பே, 2014-இல், அமெரிக்காவில் ஸ்மைல்டைரக்ட்கிளப் என்ற நிறுவனம் டாக்டரை நேரில் பார்க்கவே தேவையில்லை என்று கிளம்பியிருந்தது. வீட்டிலேயே பல்லை அச்செடுத்து அனுப்பினால் தபாலில் உறை வரும். விலையும் மலிவு. 2019-இல் பங்குச்சந்தைக்குப் போனது. 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது, டிசம்பரில் கதவைச் சாத்தியது. பாதிப் பல் நகர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு, வைத்தியத்தைத் தொடர வேண்டுமானால் உள்ளூர் டாக்டரைப் பாருங்கள் என்று அறிவிப்பு வந்தது. மாதத் தவணையில் சேர்ந்தவர்கள் மிச்சப் பணத்தைத் தொடர்ந்து கட்டவேண்டும் என்றும் அதில் இருந்தது.