இணையத்தில் பாதையைத் தீர்மானிப்பது யார்?

தம்புள்ளையில் ஏ9 வீதியும், குருநாகல் வழியே திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் சந்திக்கின்றன. யாழ்ப்பாணத்து லொறி இங்கிருந்து கண்டிக்கும் போகலாம், கொழும்புக்கும் போகலாம். இணையத்தின் பாதைகளை விளக்க இந்தச் சந்தியே எனக்கு வசதியான உதாரணம். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 மூடப்பட்டபோது நாம் கண்டது இது: வீதி இருப்பது ஒன்று, போகவிடுவது வேறொன்று. இணையமும் அப்படித்தான்.

இணையம் என்பது பல்லாயிரம் தனி வலையமைப்புகளின் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஸ்ரீலங்கா டெலிகொமுக்கு 9329, டயலொக்கிற்கு 18001. “இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்” என்று அவை அயல் வலையமைப்புகளுக்கு அறிவிக்கின்றன. இந்த அறிவிப்பு முறையின் பெயர் பிஜிபி.

அயல் உறவு பெரும்பாலும் இரண்டு வகை. உலகம் முழுவதற்கும் பாதை கேட்டுப் பெரிய வலையமைப்புக்குப் பணம் கட்டுவது ‘டிரான்சிட்’. இரு வலையமைப்புகள் தத்தமது வாடிக்கையாளர்களின் தரவை மட்டும், வழமையாகப் பணமின்றி, பரிமாறுவது ‘பியரிங்’. பணம் தரும் வாடிக்கையாளர் வழியே வழமையாக முதல் தெரிவு, அடுத்தது பியரிங், பணம் கட்டவேண்டிய டிரான்சிட் கடைசி. தூரம் அதற்குப் பிறகுதான். அதனால் பக்கத்து ஊருக்கு அனுப்பும் தரவு வெளிநாடு சென்று திரும்பவும் கூடும்.

இந்த ஏற்பாடு பெரிதும் நம்பிக்கையில் ஓடுகிறது. 2008 பெப்ரவரி 24இல், யூடியூபை நாட்டுக்குள் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகொம் உருவாக்கிய பொய்ப் பாதை வெளியே கசிந்தது. அதற்கு டிரான்சிட் கொடுத்த ஹொங்கொங்கின் பிசிசிடபிள்யூ, சோதிக்காமல் அதை உலகுக்குக் கடத்தியது. சுமார் இரண்டு மணிநேரம் பல நாடுகளில் யூடியூப் கிடைக்கவில்லை. 2011 ஜனவரி இறுதியில் எகிப்தின் வழங்குநர்கள் தங்கள் அறிவிப்புகளை மீளப்பெற்றபோது, ஏறக்குறைய நாடே இணையத்தில் இருந்து மறைந்தது.

இலங்கையில் 2007 யூனில் தமிழ்நெற் தடுக்கப்பட்டதும், 2018 மார்ச்சில் பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கப்பட்டதும் வேறு வகை. வலையமைப்புகள் இணைப்பில் இருந்தன. குறிப்பிட்ட தளங்களை மட்டும் வழங்குநர்கள் மறித்தார்கள்.

இந்த வேறுபாடு முக்கியமானது. உலகெங்கும் வரும் பாதை அறிவிப்புகளை ரைப் என்சிசி, ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ் ஆகியன நேரத்தோடு சேமித்துப் பகிரங்கமாக வைத்திருக்கின்றன. பாதையையே மூடினால், மூடிய நேரம் அங்கே பதிவாகிவிடும். தளத்தை மட்டும் மறித்தால் அந்தப் பதிவில் ஒன்றும் தெரியாது. நாட்டுக்குள் இருப்பவர்கள்தான் எந்தத் தளம், எந்த வழங்குநர், எத்தனை மணி என்று அன்றைக்கே குறித்துவைக்க வேண்டும். ‘ஊனி புரோப்’ என்ற இலவசச் செயலி இதைச் சோதித்துப் பதிவுசெய்கிறது. பாதை மூடிய நாட்களுக்கு வாய்ச்சாட்சி மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு, எழுத்தில் உள்ள பதிவின் பெறுமதி தெரியும்.