கயிறும் வாக்கும்

முத்துக்குளித்துறையில் சலாபம் நடந்த நாள்களில், கடலடிக்குச் சென்ற குளியாளின் உயிர் தோணியில் கயிறு பிடித்து நின்றவன் கையில் இருந்தது. கல்லில் காலூன்றி இறங்கியவன் நீருக்கடியில் வாய் திறக்க இயலாது. கயிற்றை அசைத்தால் என்ன பொருள், எப்போது மேலே இழுக்க வேண்டும் என்பதெல்லாம் மூச்சு உள்ளபோதே இருவரும் அறிந்திருக்க வேண்டியவை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதே தேவை இன்று மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நம்மை எதிர்கொள்கிறது. நினைவிழந்து கிடப்பவரின் விருப்பத்தை யார் எடுத்துரைப்பது?

இவ்வினா நம் திருச்சபைக்குப் புதிதன்று. இக்கடற்கரை மக்கள் 1535 முதல் 1537 வரை பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்ற காலத்திலேயே, ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்னும் தொமினிக்கத் துறவி இதைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தார். உயிரைப் பேணுதல் கடமை. ஆயினும் ஆயுளை நீட்டுவதற்காக விலையுயர்ந்த உணவையும் மருந்தையும் எப்பாடுபட்டும் தேடவேண்டிய கட்டாயம் நோயாளிக்கு இல்லை என்றார் அவர். அந்நூற்றாண்டின் நடுவில் என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் புன்னைக்காயலில் மருத்துவமனை அமைத்தார். 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேற்றிய அவரே, 1580-இல் பாவசங்கீர்த்தன நூலையும் வெளியிட்டார். நோயுற்றோரைப் பேணுவதும் நன்மரணத்திற்கு ஆன்மாவை ஆயத்தம் செய்வதும் அவர் பணியில் இணைந்தே நடந்தன.

செயற்கைச் சுவாசக் கருவி வந்தபின் இச்சிந்தனை மேலும் கூர்மை பெற்றது. 1957 நவம்பர் 24 அன்று மயக்க மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இயல்பான வழிகளைக் கையாளுதல் கடமை, மிகைப்பட்ட வழிகளுக்குக் கட்டாயமில்லை என விளக்கினார். 1980-இல் வெளிவந்த வத்திக்கான் அறிக்கை கருணைக்கொலையை மறுத்தது. பயனற்ற, பெருஞ்சுமையான சிகிச்சையை மறுக்கும் உரிமையை ஏற்றது. உயிரைப் போக்குதல் வேறு. சாவைத் தடுக்க இயலாதென ஏற்று, தேற்றரவும் வலிநீக்கமும் அளித்து உடனிருத்தல் வேறு. உணவும் நீரும் உடலுக்குப் பயன்தரும் வரையில் அவை பராமரிப்பின் பகுதியே என்பதும் திருச்சபையின் போதனை.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடத்தை அடையக் காலம் பிடித்தது. மும்பை மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973-இல் கொடிய தாக்குதலுக்கு ஆளாகி, 2015-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் நினைவு திரும்பாமல் கிடந்தார். சக தாதியர் அவரைக் கைவிடாமல் காத்தனர். அவ்வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், உயிர்காப்புச் சிகிச்சையைக் கடும் நிபந்தனைகளுடன் நிறுத்தலாம் என்றது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ‘வாழும் உயில்’ எனப்படும் முன்விருப்ப ஆவணத்தைச் செல்லுபடியாக்கியது. நடைமுறை கடினமாயிருந்ததால், 2023 ஜனவரியில் அது எளிதாக்கப்பட்டது. இப்போது தெளிந்த மனமுடைய வயதுவந்தோர் எவரும், தம் விருப்பத்தை எழுதி, இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரியின் சான்று பெறலாம். தமக்காகப் பேசவேண்டியவரின் பெயரையும் குறிக்கலாம், விரும்பும்போது மாற்றலாம். மீளமுடியாத நிலை என இரு மருத்துவக் குழுக்கள் உறுதிசெய்த பின்னரே அது நடைமுறைக்கு வரும்.

இவ்வாவணம் இல்லாத வீடுகளில் நிகழ்வது என்ன? ஒரு மகன் கப்பலில். மற்றொருவர் வளைகுடா நாட்டில். தாயின் படுக்கையருகே நிற்கும் மகள், “அம்மா என்ன விரும்பியிருப்பார்?” என்று அறியாமலே முடிவெடுக்க வேண்டியவளாகிறாள். நகைகள் அடகுக்குப் போகின்றன. அடக்கம் முடிந்த பிறகும் “நீ செய்தது சரியா?” என்னும் கேள்வி உடன்பிறப்புகளைப் பிரிக்கிறது.

ஏழைகளுக்கு இவ்வாவணம் மருத்துவத்தைக் குறைக்கும் சாக்காகிவிடுமோ என்ற அச்சமும் நியாயமானதே. செலவுக்கு அஞ்சி எழுதப்படும் தாள் விருப்பம் ஆகாது. ஆகவே, “எதை வேண்டாம்” என்பதோடு “எது எனக்கு வேண்டும்” என்பதையும் எழுதுதல் நலம்: வலிநீக்கம், குருவின் வருகை, நோயில்பூசுதல், உறவினர் அருகிருத்தல்.

சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும் என்று நம் இல்லங்களில் வாய் மூடுகிறார்கள். ஆனால் “இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்” என்று நாள்தோறும் அன்னை மரியாவிடம் மன்றாடுபவர்கள் நாம். செபமாலை முடிந்த ஓரிரவில், பெற்றோரும் பிள்ளைகளும் விளக்கை அணைக்குமுன் சற்றே அமர்ந்து இதைப் பேசிவிட்டால், பின்னாளில் முடிவெடுக்க வேண்டிய பிள்ளையின் பாரம் பாதியாகக் குறையும்.