போருக்குப் பிந்தைய பிரித்தானியப் படை ஊர்திகளின் பேணல்

போருக்குப் பிந்தைய பிரித்தானியப் படை ஊர்திகளின் பேணல் என்பது, 1945-ஆம் ஆண்டிற்குப் பின்னர் பிரித்தானியத் தரைப்படையில் பயன்பட்ட டாங்கிகள், கவச ஊர்திகள், படைச் சரக்குந்துகள் ஆகியவற்றை அழியாமல் காத்து, இயன்றவரை ஓடும் நிலையில் வைத்திருக்கும் ஆர்வலர்களின் செயற்பாட்டைக் குறிக்கும். அருங்காட்சியகங்களும் தனியார் சேகரிப்பாளர்களும் இதில் ஈடுபட்டுள்ளனர். இரண்டாம் உலகப் போர்க்கால டாங்கிகளுக்குக் கிடைக்கும் புகழ் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. எனினும் பொறியியல் நோக்கில் பார்த்தால், கற்றுக்கொள்வதற்கு இவற்றிலேயே மிகுதியான செய்திகள் உள்ளன.

பின்னணி

டார்செட் மாவட்டத்தின் போவிங்டனில் உள்ள டாங்கி அருங்காட்சியகமே இத்துறையின் மையமாக விளங்குகிறது. முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய டாங்கிகள் அங்குக் கேட்பாரற்றுக் கிடந்தன. 1923-இல் அங்குச் சென்ற எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், அவற்றைக் காட்சியகமாக்க வேண்டும் என வலியுறுத்தினார். 1947-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தனியார் சேகரிப்போ பிற்காலத்தில் வளர்ந்தது. படைத்துறை தனக்குத் தேவையற்ற ஊர்திகளை ஏலத்தில் விற்றது. நாட்டிங்காம்சயரின் ரட்டிங்டன் களஞ்சியத்தில் நடைபெற்ற ஏலங்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. அங்கு வாங்கியவர்களுள் பெரும்பாலோர் உழவர்களும் பழைய இரும்பு வணிகர்களுமே. ஆர்வலர்கள் அமைப்பாகத் திரண்டது 1960களின் பிற்பகுதியில்தான்.

பேணப்படும் ஊர்திகள்

இவற்றுள் முதன்மையானது செஞ்சூரியன் டாங்கி. இதன் முதல் ஆறு மாதிரிகள் 1945 மே மாதத்தில் ஐரோப்பாவை அடைந்தபோது போர் முடிந்துவிட்டது. அதன் பின்னர் 1962 வரை 4,400-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. கொரியா, வியட்நாம், மேற்காசியா, 1965, 1971 ஆண்டுகளின் இந்திய-பாகிஸ்தான் போர்கள் எனப் பல களங்களில் இது பங்கேற்றது. பல நாடுகளில் பயன்பட்டதால் உதிரிப் பாகங்கள் ஓரளவு கிடைக்கின்றன. ஆனால் எரிபொருளே உரிமையாளரை அச்சுறுத்துவது. இதன் 27 லிட்டர் கொள்ளளவுள்ள ரோல்ஸ் ராய்ஸ் மீட்டியர் பெட்ரோல் எஞ்சின், வானூர்திகளில் பயன்பட்ட மெர்லின் எஞ்சினின் தரைவழித் தம்பி எனலாம். முற்கால வகைகள் ஏறத்தாழ 550 லிட்டர் பெட்ரோலைக் கொண்டு சாலையில் 100 கிலோமீட்டர் அளவே ஓடின.

செஞ்சூரியனுக்குத் துணையாக 1955 முதல் 1966 வரை பணியாற்றிய கான்கரர் என்னும் கன டாங்கி 200-க்கும் குறைவாகவே கட்டப்பட்டது. ஆகையால் எஞ்சியுள்ள ஒவ்வொன்றும் அரியதாகக் கருதப்படுகிறது.

தனியாரிடம் மிகுதியாகக் காணப்படுவது டாங்கியன்று. டெய்ம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை கட்டிய ஃபெரட் என்னும் சிறிய வேவுக் கவசக் கார் ஆகும். மொத்தம் 4,409 கட்டப்பட்டன. நான்கு டன் அளவே எடையுள்ள இதனை வீட்டுக் கொட்டகையிலும் நிறுத்தலாம். நான்கு சக்கரங்களில் ஓடுவதால் சாலையிலும் செலுத்தலாம். இதன் பற்சக்கரப் பெட்டியில், வேண்டிய கியரை முதலில் தேர்ந்து வைத்துப் பின்னர் மிதிகட்டையை அழுத்த வேண்டும். முழுமையாக அழுத்தாவிடில் அம்மிதிகட்டை ஓட்டுநரின் காலைத் திருப்பி உதைக்கும். முன்னோக்கி உள்ள ஐந்து கியர்களையும் பின்னோக்கிச் செல்லவும் பயன்படுத்தலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

ஆல்விஸ் நிறுவனத்தின் ஆறு சக்கர ஊர்திகளான சரசன், சலாதீன், ஸ்டால்வர்ட் ஆகியவற்றுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இவற்றில் ஒரு பக்கத்தின் மூன்று சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்பட்டுள்ளன. வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நீண்ட பாதையில் செல்ல வேண்டும். சேற்றில் இவ்வேறுபாடு வழுக்கலில் கரைந்துவிடும். தார்ச்சாலையில் சக்கரம் வழுக்காது. எனவே முறுக்கம் தண்டுகளிலும் பற்சக்கரப் பெட்டிகளிலும் சேர்ந்துகொண்டே போகும். போர்க்களத்திற்காக வடிவமைத்த ஊர்தியைக் கண்காட்சிக்காகச் சாலையில் ஓட்டிச் செல்வதே அதனைத் தேய்க்கிறது.

இவ்வூர்திகள் இன்றும் ஓடுவதற்கு ரோல்ஸ் ராய்ஸ் 'பி' வரிசை எஞ்சின்கள் முக்கியக் காரணம். நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர்கள் கொண்ட பி40, பி60, பி80 ஆகியவை இயன்றவரை பொதுவான பாகங்களைக் கொண்டு அமைக்கப்பட்டன. படைத்துறையின் வழங்கலை எளிதாக்கச் செய்த இம்முடிவு, அரை நூற்றாண்டு கடந்து சேகரிப்பாளர்களுக்கு உதவுகிறது.

சீஃப்டெனும் எல்60 எஞ்சினும்

1960களின் இறுதியில் படையில் சேர்ந்த சீஃப்டென் டாங்கி, 120 மி.மீ. பீரங்கியும் தடித்த கவசமும் கொண்டது. இதன் குறை எஞ்சினில் இருந்தது. பலவகை எரிபொருள்களிலும் இயங்கும் எஞ்சின் வேண்டும் என்ற நேட்டோ கொள்கைக்கு இணங்க, லேலண்ட் நிறுவனம் எல்60 என்னும் இரு வீச்சு எஞ்சினை உருவாக்கியது. இதில் ஆறு சிலிண்டர்களில் பன்னிரண்டு பிஸ்டன்கள் உள்ளன. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக நகர்ந்து, நடுவில் காற்றை அழுத்தும். சிலிண்டர் தலை கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு கிராங்க் தண்டுகள் உண்டு. தாளில் அழகாகத் தோன்றும் இவ்வமைப்பு நடைமுறையில் சிலிண்டர் உறைகளிலும் அவற்றின் அடைப்பு வளையங்களிலும் ஓயாமல் பழுதடைந்தது. தொடக்கத்தில் எதிர்பார்த்த திறனும் கிட்டவில்லை. பல ஆண்டுத் திருத்தங்களுக்குப் பின்னரே 750 குதிரைத்திறன் அளவை எட்டியது.

இதே எஞ்சின் தமிழகத்திற்கும் அறிமுகமானதே. விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்து, சென்னையை அடுத்த ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் கட்டப்பட்ட விஜயந்தா டாங்கியிலும் எல்60 எஞ்சினே பொருத்தப்பட்டிருந்தது.

படையில் இருந்தபோது பழுதடைந்த எஞ்சினைப் பாரந்தூக்கியால் முழுதாக வெளியே எடுத்து, வேறொன்றை இறக்கிவிடுவர். தனி உரிமையாளருக்கு அந்த 'வேறொன்று' கிடைப்பது அரிது. கையேடுகளில் எழுதப்படாத கைப்பழக்கங்கள் பலவும் பழைய படைப் பொறியாளர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்களும் முதுமை அடைந்துவிட்டனர். உலோகத்தைவிட இவ்வறிவே விரைவாக அழிகிறது எனலாம்.

இழப்புகள்

ஓய்வுபெற்ற டாங்கிகளுள் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. பல, பயிற்சி வெளிகளில் குறியிலக்குகளாக நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டன. போர் முடிந்தபின் ஆறே ஆறு கட்டப்பட்ட, 78 டன் எடையுள்ள டார்டாய்ஸ் கவசப் பீரங்கி ஊர்திகளுள் இரண்டே எஞ்சின. ஒன்று போவிங்டனில் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. மற்றொன்று ஸ்காட்லாந்தின் கிர்க்கூப்ரி அருகே பயிற்சி வெளியில் துருப்பிடிக்க விடப்பட்டது.

1990-இல் கையெழுத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைகள் ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் வைத்திருக்கக்கூடிய டாங்கிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. வரம்பை மீறியவற்றைக் குறைக்க ஒப்பந்தம் ஏற்ற வழிகளுள் வெட்டி அழித்தல், சுடும் பயிற்சிக்கு இலக்காக்கல், நிலையான காட்சிப்பொருளாக்கல் ஆகியவை அருகருகே இடம்பெற்றிருந்தன. ஒரு டாங்கி அருங்காட்சியகத்திற்குச் செல்வதும் குண்டடி படுவதும் சட்டத்தின் பார்வையில் ஒரே பயனையே தந்தன.

சட்ட நிலை

பிரித்தானியாவில் டாங்கி வைத்திருப்பது தடை செய்யப்படவில்லை. பட்டைச் சக்கர ஊர்தியைச் சாலையில் ஓட்ட 'எச்' பிரிவு உரிமம் தேவை. சாலை சிதையாதிருக்கப் பட்டைகளில் இரப்பர்த் திண்டுகள் இருத்தல் வேண்டும். பொதுவாக, தனியாரிடம் உள்ள ஊர்தியின் பீரங்கி சுட இயலாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கும். குழலை வெட்டியும் சுடும் பகுதியைப் பற்றவைத்தும் செய்யும் இவ்வேலை பாதுகாப்பிற்கு இன்றியமையாதது. ஆயினும் அதன்பின் அப்பீரங்கி எவ்வாறு இயங்கியது என்பதைப் பிரித்துக் காட்ட இயலாது.

ஓட்டுவதா, நிறுத்தி வைப்பதா

ஆர்வலர்களிடையே தீராத விவாதம் இதுவே. ஓட்டாத எஞ்சினில் அடைப்புகள் காய்ந்து, உள்ளே துரு ஏறும். ஓட்டினால் பாகங்கள் தேயும். தேய்ந்ததை மாற்றிக்கொண்டே போனால், சில பதிற்றாண்டுகளில் எஞ்சுவது பழைய எண் பலகையைத் தாங்கிய புதிய பொருளாகிவிடலாம். 2021-இல் பிரித்தானியாவில் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவழக்கானது, பழைய இரப்பர்க் குழாய்களுக்கு மேலும் ஒரு கேடாயிற்று. சீரமைப்போர் ஆஸ்பெஸ்டாஸ் உறைகளையும், கருவி முகப்புகளில் கதிரியக்க ஒளிர்பூச்சையும் எதிர்கொள்ள நேரும்.

வண்ணப்பூச்சிலும் இதே வினா எழுகிறது. 1980களில் பெர்லினில் இருந்த ஒருசில சீஃப்டென்களுக்கு மட்டும் வெள்ளை, சாம்பல், பழுப்புக் கட்டங்களாலான நகர மறைப்புப் பூச்சு இருந்தது. பார்வைக்கு அழகானது என்பதற்காகப் பெர்லினைக் காணாத டாங்கிக்கு இதனைப் பூசுவது வரலாற்றை மாற்றுவதாகும். படைப் பதிவெண்ணைக் கொண்டு ஊர்தியின் பணி வரலாற்றைத் தேடி, அதற்கேற்பப் பூசுவதே முறையானது.

'அணு டாங்கி'

எந்த நிலையைப் பேணுவது என்ற வினாவிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஆத்திரேலியப் படையின் 169041 எண்ணுள்ள செஞ்சூரியன். 1953 அக்டோபர் 15 அன்று ஆத்திரேலியாவின் எமு வெளியில் நடந்த பிரித்தானிய அணுகுண்டு சோதனையின்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, குண்டில் இருந்து 500 மீட்டருக்கும் குறைவான தொலைவில் இது நிறுத்தப்பட்டது. வெடிப்பு டாங்கியைச் சற்று நகர்த்தியது; அலைவாங்கிகளைப் பிடுங்கியது. எனினும் பின்னர் அது தன் ஆற்றலிலேயே அங்கிருந்து ஓட்டிச் செல்லப்பட்டது. பிற்பாடு மேம்படுத்தப்பட்டு வியட்நாம் போருக்கும் அனுப்பப்பட்ட இது, 1969-இல் எறிகணையால் துளைக்கப்பட்டும் தொடர்ந்து பணியாற்றியது. அம்மேம்பாட்டால், அணுச்சோதனையில் நின்ற அதே வடிவில் அது இன்று இல்லை. டார்வின் நகருக்கு அருகில் உள்ள ராபர்ட்சன் படைமுகாமில் இது காட்சிக்கு வைக்கப்பட்டது.